உஷ் அக்கா திறந்த விளையாட்டு அறை

கிளை நூலகத்தின் நூலகரை எல்லாரும் 'உஷ் அக்கா' என்றுதான் சொல்வார்கள். யாராவது தும்மினாலே உதட்டில் விரல் வைத்துவிடுவார். காலப்போக்கில் உஷ் சொல்லக்கூட ஆளில்லாமல் போனது. நாளிதழ் புரட்டும் பெரியவர்கள் இருவர், மின்விசிறிக்கடியில் தூங்க வருபவர் ஒருவர். அவ்வளவுதான் கூட்டம். கிளையை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

வீடியோ கேம் வைக்கலாம் என்று சொன்னது அக்காதான்.

"விளையாட வர்றவங்க ஒரு புக்கையாவது புரட்ட மாட்டாங்களா?" என்று வீட்டில் கணவரிடம் கேட்டார்.

"புழுவத் தின்னுட்டு மீன் போயிடப் போகுது, பாத்துக்கோ."

பின்னறையில் டிவிகளும் கேம் பெட்டிகளும் வந்து இறங்கின. கல்லூரிப் பிள்ளைகள் ஈயாய் மொய்த்தார்கள். அவர்களோடு, வேலையை விட்டுவிட்ட லாரி டிரைவர் ஒருவரும் வரத் தொடங்கினார். ஊர்த் தெருக்களில் ஓடும் கார் ரேஸில் அவர் மட்டும் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நிற்பார். மற்ற கார்கள் பறந்துவிடும்.

"ரேஸ்ல யாராவது சிக்னலுக்கு நிப்பாங்களா, பெருசு?" என்று ஒருவன் கிண்டலடித்தான்.

"ஒரு தடவ நிக்காமப் போயிட்டேன் தம்பி. ஒரு உசுரு போச்சு." டிரைவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா அவருக்கென்று ஒரு பயணக் கதையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் பதவிசாகத் திருப்பி வைத்தார். "எழுத்துல மனசு நிக்க மாட்டேங்குதும்மா. ஓட்டுறப்ப மட்டுந்தான் கொஞ்சம் அடங்குது."

ஆய்வுக்கு வந்த அதிகாரி கூட்டத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். கிளை பிழைத்தது. ஆனால் புத்தகங்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, முன்கூடத்திலும் கேம் வைக்கச் சொல்லிவிட்டார்.

"புக்குக்காகத்தான் சார் இதையே வச்சேன்."

"ஆளு எங்கயோ, எடமும் அங்கதானம்மா."

அலமாரிகளை அக்காவே காலி செய்தார். டிரைவர் கேளாமலே வந்து மூட்டைகளைச் சுமந்தார். கிடங்கு வண்டி கிளம்பியதும், "நாங்க வந்ததாலதான இதெல்லாம் போகுது?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் அக்கா நினைத்தார். கண் வண்டி போன வழியிலேயே நின்றது. டிரைவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அப்புறம் அவர் வரவேயில்லை. அக்கா பலரிடம் விசாரித்தும் அவர் வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெறும்வரை அக்கா அங்கேதான் வேலை பார்த்தார்.

"இன்னிக்கு எப்படி?" என்பார் கணவர்.

"நல்ல கூட்டம்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.