நின்று நின்று போன புது லாரி

சாமிதுரையின் புது லாரி நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். அடியோடு கெட்டுப்போன வண்டி என்றால் அவருக்குப் பயமில்லை. சவூதியில் பதினோரு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர், மணல்காட்டில் எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர். ஆனால் கெட்டும் கெடாமலும் இருக்கிற வண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது?

மன்னார்குடிக்குத் தெற்கே அவருடைய ஊர். தொண்ணூற்றெட்டில், ஊர்க்காரர்களில் பாதிப்பேர் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் எதிர்த்திசையில் திரும்பி வந்தார். சம்பாதித்ததை எல்லாம் ஒரு ஆறு சக்கர லாரியாக்கி வாசலில் நிறுத்தினார். இனி ஊரை விட்டு நகர்வதில்லை என்றுதான் நினைத்திருந்தார். அதற்குள் பழைய முதலாளி விசா அனுப்பிவிட்டார். மாசக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வரவேண்டும் என்று ஏஜென்ட் நச்சரித்தான். வண்டி உருப்படியாக ஓடினால் ஊரில் இருப்பது, இல்லாவிட்டால் விற்றுவிட்டுக் கிளம்புவது. வீட்டில் பேசி வைத்தது இவ்வளவுதான்.

"வண்டிய நம்புறதா அரபிய நம்புறதான்னு சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் மனைவி அகிலாண்டம். "ஊர்ல பாக்குறவளுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியல."

முத்துப்பேட்டையில் நெல்லும் தேங்காயும் வியாபாரம் செய்யும் ஹபீப் முகம்மதுதான் அவருக்கு லோடு கொடுப்பவர். சரக்கு தஞ்சாவூருக்குப் போகும். வண்டி ஒருமுறை வடுவூர் ஏரிக்கரையில் நின்றது. ஒருமுறை வாய்க்கால் மதகில். இன்னொருமுறை திருத்துறைப்பூண்டி தாண்டி ஆற்றுப் பாலத்தின் மேலேயே.

"தண்ணியக் கண்டா நிக்கிது சாமிதொர," என்றார் பாய். "நீங்க மாடே வாங்கிருக்கலாம்."

"சிரிங்க பாய். லோடு மட்டும் வேற வண்டிக்குக் குடுத்துராதீங்க."

"இந்த மாசம் பாக்குறேன். சரக்கு நடுரோட்ல நின்னா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுங்க."

சாமிதுரைக்கும் தூக்கம் வரவில்லைதான். ஆனால் கவலையைவிட, என்னவாக இருக்கும் என்கிற குடைச்சல்தான் பெரிதாக இருந்தது. வெயிலில் நின்றது, மழையிலும் நின்றது. பாரத்தோடு நின்றது, வெறும் வண்டியாகவும் நின்றது. அகிலாண்டம் எலுமிச்சம்பழம் கட்டிய மறுநாளும் நின்றது. தஞ்சாவூரில் வண்டி வாங்கிய இடத்தின் பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் நிற்காது. தலைமை மெக்கானிக் ரெத்தினம் ஃபில்டரை மாற்றினார், டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பையே புதிதாகப் போட்டார், வல்லம் வரை ஓட்டிப்பார்த்தார். வண்டி குதிரை மாதிரி போய்த் திரும்பியது.

"டாக்டரப் பாத்ததும் புள்ளைக்குக் காச்சல் வுட்டுருதுண்ணே," என்றார் ரெத்தினம். "எங்க கண்ணு முன்னாடி ஒருவாட்டி நிக்கச் சொல்லுங்க."

மறுபடி பட்டறைக்குக் கிளம்பிய அன்று காலை, டீசல் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சாமிதுரை எழுந்தார். வண்டியை ஒருத்தர் கையில் ஒப்படைக்கும்போது டேங்க்கை முட்ட நிரப்பிக் கொடுப்பது அவர் வழக்கம். ஓட்டிப் பார்க்கிறவன் டீசல் இல்லாமல் நின்றால் நமக்குத்தானே கேவலம்.

"ஆமா, தஞ்சாவூருன்னா மட்டும் விருந்துக்குப் போற மாரி வயித்த ரொப்பிக் கூட்டிட்டுப் போயிருவீங்க," என்றாள் அகிலாண்டம். "பசியா இருக்குறப்ப வர்ற நோவு அவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

சாமிதுரை செருப்பில் ஒரு காலோடு அப்படியே நின்றார். ஏரிக்கரையில் நின்றபோது டீசல் முள் எங்கே இருந்தது? பாதிக்குக் கீழே. மதகில்? பாலத்தில்? ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். நிரம்பின டேங்க்கோடு வண்டி ஒருநாளும் நின்றதில்லை.

அன்று பட்டறைக்குப் போகவில்லை. டீசலும் போடவில்லை. நேரே முத்துப்பேட்டைக்குப் போய் நெல் ஏற்றினார். தஞ்சாவூரில் வேலை இருக்கிறது என்று பாயும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வடுவூர் தாண்டியதும் எஞ்சின் இருமியது, பிறகு அடங்கியது.

"வந்துருச்சா?" என்றார் பாய்.

"வந்துருச்சு," என்றார் சாமிதுரை. குரலில் சந்தோஷம்.

எப்போதும்போல பீடி பற்றவைத்துக் காத்திருக்கவில்லை. அடியில் படுத்து, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். போகவில்லை. கன்னம் உப்ப இன்னொரு தரம் ஊதினார். உள்ளே எதுவோ 'பொளக்' என்று விட்டது. அப்புறம் காற்று தாராளமாகப் போயிற்று.

"உள்ள என்னமோ கெடக்கு பாய். குழா வாய்ல போய் ஒட்டிக்கிது. எஞ்சின் நின்னா இழுவையும் நின்னுருது, அது பாட்டுக்குக் கழண்டுக்கிது. டேங்க் ரொம்பி இருந்தா குழா பக்கம் வர்றதில்ல."

"பாம்பு கீம்பு இல்லையே?" பாய் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார்.

டேங்க் வாய் வழியாக டார்ச் அடித்து, வளைத்த கம்பியை விட்டுத் துழாவினார் சாமிதுரை. ரொம்ப நேரம் ஒன்றும் மாட்டவில்லை. கடைசியில் கறுத்து, டீசல் சொட்டச் சொட்ட ஒரு துணி வந்தது. பிழிந்து விரித்தார். ஓரத்தில் சிவப்புக் கரை. அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துண்டு.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் வயலுக்குப் பம்பு செட் ஓட்டிய வீடு அவருடையது. கேனில் வாங்கும் டீசலில் மண்ணும் தூசும் இருக்கும். வேட்டித் துணியில் வடிகட்டாமல் எஞ்சினுக்கு ஒரு சொட்டு ஊற்றமாட்டார்கள். லாரிக்கும் அப்படியே செய்தார் சாமிதுரை. துணி அமுங்கி உட்கார இடைஞ்சலாக இருந்ததென்று டேங்க் வாயிலிருந்த கம்பி வலையை அவரே பிடுங்கி எறிந்திருந்தார். அறுவடைச் சமயத்தில் ஒருநாள் துணியைக் காணவில்லை. காற்றில் போயிருக்கும் என்று வேறொரு துண்டைக் கிழித்துக்கொண்டார்.

பாய் துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "பாவம், ரெத்தினம் பம்பையே மாத்துனாரே."

"அவர்ட்ட போயிச் சொல்லணும்ங்க."

"நானும் வர்றேன். மூஞ்சிய நேர்ல பாக்கணும்."

சரக்கை இறக்கிவிட்டு பட்டறைக்குப் போனார்கள். ரெத்தினம் முழுசாகக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் புதுக் கம்பி வலை ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே டேங்க் வாயில் அடித்து இறுக்கினார். "இத எடுக்கணும்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே," என்றார். பாய் அதற்குத்தான் ரொம்பச் சிரித்தார்.

பட்டறைக்கு எதிரிலேயே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. சாமிதுரை ஏஜென்ட்டைக் கூப்பிட்டார்.

"விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருங்க. நான் வரல."

"வண்டி சரியாயிருச்சாண்ணே?"

"வண்டி சரியாத்தான் இருந்துருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டு சாமிதுரை போனை வைத்தார்.