ஒரு பத்தி அதிகம்

அலுவலகத்தில் அவளுக்குத் தீயணைப்பு என்று பெயர். எந்தக் கிளையில் மென்பொருள் மக்கர் செய்தாலும் முதல் போன் அவளுக்குத்தான். வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி அது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வண்டியும் படுத்துவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ மேனேஜர்களை வழியனுப்பியவள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வேலையும் அப்படித்தான்.

அன்று காலை மென்பொருளின் புதிய பதிப்பை எல்லாக் கிளைகளிலும் ஏற்றினார்கள். மற்றவை சமர்த்தாக ஏற்றுக்கொண்டன. ஒரு கிளை மட்டும் முரண்டு பிடித்தது. வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் டேபிளின் அமைப்பு பொருந்தவில்லை என்று சிவப்பில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. டெலிவரிப் பட்டியல் வரவில்லை; பட்டியல் இல்லாமல் வண்டி கிளம்பாது. அதுவும் எந்தக் கிளை? அவளுடைய அப்பா இருக்கும் ஊரின் கிளை. மூன்றாவது மாடியில், கெட்டுப்போன நுரையீரலோடு தனியாக இருக்கிறார். மகளோடு வந்து இருக்கச் சொன்னால் கேட்டால்தானே. அன்றைக்குத்தான் அவருக்கு அடுத்த சிலிண்டர் வர வேண்டும். கையில் இருப்பது சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது.

பதற்றத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், தலைமை அலுவலக டேபிளையும் கிளை டேபிளையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தாள். வாடிக்கையாளர் பெயருக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி, முகவரிக்கு ஒன்று, போன் எண்ணுக்கு ஒன்று என்று இங்கே இருப்பதெல்லாம் அங்கேயும் இருந்தது. ஆனால் அங்கே ஒரு பத்தி அதிகம். கடைசியில் வைத்துத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. முகவரிக்கும் போன் எண்ணுக்கும் நடுவே யாரோ செருகியிருந்தார்கள். அதற்குத் தலைப்பு 'புதுசு'! எந்த மகானுபாவன் வேலையோ என்று பல்லைக் கடித்தாள்.

அழித்தால் தீர்ந்தது. மென்பொருள் விற்றவர்களும் போனில் அதையே சொன்னார்கள். கட்டளையை அடித்தும்விட்டாள், என்டரைத் தட்டுவதுதான் பாக்கி. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் அழிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. திறந்தாள். பெரும்பாலும் காலி. சில பெயர்களுக்கு நேரே மட்டும் 'மேலே' என்று இருந்தது. அப்பாவின் பெயருக்கு நேரேயும்.

கிளையின் கிடங்குக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். மனுஷர் ஆடிப்போனார். முன்பு அங்கே வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆளிடம் சொல்லி, தலைமை அலுவலகத்துக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

"கேட்ல இறக்கி வச்சிட்டு வரணும்ங்கிறதுதான் மேடம் ரூல். ஆனா சில வீட்ல தூக்கிட்டுப் போக ஆளே இல்ல. அங்கெல்லாம் மேல கொண்டுபோய் மாட்டிக் குடுக்கணும்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான். தப்புன்னா எடுத்துடுங்க."

அப்பாவின் பெயரைச் சொல்லி, இவரைத் தெரியுமா என்று கேட்டாள்.

"மூணாவது மாடிப் பெரியவரா? பேசவே மூச்சு வாங்கும், பாவம். அவருக்கு யாரும் இல்லபோல மேடம்."

மேலே வரை தூக்கி வந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் பூரித்துப்போவார். பெண் தலைமை அலுவலகத்தில் இருப்பதால் கிடைக்கும் மரியாதை என்று நம்பினார். அவளும் அப்படித்தான் நம்பினாள். சொல்வானேன், உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. யாரும் இல்லாதவர் என்று நினைத்தல்லவா இத்தனை நாளும் சுமந்திருக்கிறார்கள்!

"எடுக்கலண்ணே," என்றாள். "எல்லா கிளையிலயும் போடப்போறேன்."

ஒரு கிளைக்காக எல்லா டேபிளையும் மாற்றுவதா என்று மேனேஜர் இழுத்தார். அவள் நகரவில்லை. வண்டி காத்து நிற்கிறது என்றதும் சரி என்றார். தலைமை டேபிளிலும் மற்றக் கிளைகளின் டேபிள்களிலும் அதே இடத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தாள். 'தூக்க ஆள் இல்லை' என்று எல்லாவற்றிலும் ஒழுங்கான தலைப்பு வைத்தாள். சிவப்பு வரி போனது. பட்டியல் வந்தது, வண்டி கிளம்பியது.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். சிலிண்டர் வந்துவிட்டதாம். மாட்டி, காற்று சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்களாம்.

"எல்லாம் உன் முகத்துக்காகத்தாம்மா."

"இல்லப்பா. நான் உங்க பொண்ணுன்னு அங்க யாருக்குமே தெரியாது," என்றாள். "தெரியாமதான்பா தூக்கிட்டு வந்திருக்காங்க."