மாதேஸ்வரி அக்கா வீட்டில் திருடியவர்களுக்கு

மாதேஸ்வரி அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, அவருக்கு அனுப்பத்தான் எங்கள் வீட்டு முதல் பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டில் முதலில் பூக்கிறது என்று எங்களுக்குள் வருஷா வருஷம் போட்டி. இந்தத் தடவை ஜெயித்தாகிவிட்டது என்று நான் குதித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்தா அந்தச் செய்தி வர வேண்டும்! படத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

மைசூரில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பூவைச் சொல்லவே வேண்டாம். மே ஃபிளவர் என்போம். புட்பால் லில்லி என்பவர்களும் உண்டு. கோடையின் முதல் மழை விழுந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு வரும். அதன் உச்சியில் ரத்தச் சிவப்பில் ஒரு பந்து! பனிக்காலத்தில் இலையும் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கிவிடும். மேலே பார்த்தால் வெறும் தரை. அது தானாகத் திரும்பி வருவதை அக்கா ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டவர் போலத் துள்ளுவார். டெலிபோன் ஆபீசில் நாங்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கள். பூ விரிந்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போவார். மேலதிகாரி காரணம் கேட்டால், "வீட்டுல விசேஷமுங்க" என்பார்.

கொள்ளேகாலில் பிறந்தவர். கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு கிழங்கு. அது பெருகி முன்வாசல் மூலை முழுக்க நிறைந்தது. ஆனால் கேட்டால் கொடுக்கவே மாட்டார். கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, திருடினால்தான் தழைக்கும் என்பது அவர் கட்சி. பிரியமானவர்கள் வந்தால், தேவராஜ மார்க்கெட்டுக்குப் போகிறேன், வர நேரமாகும் என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டு, மண்கொத்தியை வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டில் கைவைத்தவர்கள்தான். தலையைக் குனிய வேண்டாம், நானும் அந்தக் கூட்டம்.

அவர் கணவர் சென்னியப்பன் சாருக்கு இதெல்லாம் தெரியாது. தணிக்கை அலுவலகத்துக்காரர், ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அவர் ரிட்டயர் ஆன வருஷம், பிப்ரவரியில், அக்கா தன் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கொள்ளேகால் போயிருந்தார். மூலையில் இடம் சும்மா கிடக்கிறதே, ஸ்கூட்டர் நிறுத்தலாமே என்று சார் ஆளை விட்டு மண்ணை இடித்து இறுக்கி, மேலே சிமெண்ட் போட்டுவிட்டார். அக்கா பார்த்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தாராம்!

திரும்பி வந்த அக்கா கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. முன்வாசலை விட்டுவிட்டுப் பின்கதவு வழியாகவே போய் வந்தார். "என்ற அம்மா வீட்டிலிருந்து வந்தது அது ஒண்ணுதானுங்க" என்று என்னிடம் சொன்னார். கணவரிடம் பேச்சே இல்லை. சார் சிமெண்டை உடைத்துப் பார்த்தார். கிழங்கெல்லாம் நசுங்கிக் கூழாகிக் கிடந்தன. யாருக்கும் சொல்லாமல் அள்ளி எறிந்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார். மே மாதம் பூ வராவிட்டால் அவள் இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள், ஒரு கிழங்கு கொடும்மா என்றார்.

கொடுக்கமாட்டேன், திருடிக்கொள்ளுங்கள் என்றேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. தூங்கப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாத்தி அருகே நின்றார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார், திரும்பி வந்து காலிங்பெல்லை அடித்து, "எந்த இடத்துல தோண்டட்டும்?" என்று கேட்டார்!

மூலை நிறைய என் வீட்டுக் கிழங்கு மட்டும் போதாதே என்று மற்ற வீடுகளுக்கும் அனுப்பிவைத்தேன். அந்த வாரம் தெருவே ஒரே கொண்டாட்டம். வீட்டுக்கு வீடு போனில் சொல்லிவைத்து, சார் வருகிற நேரம் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். எதிர்வீட்டு டீச்சருக்கு மட்டும் பொறுக்கவில்லை. மாடியிலிருந்து கன்னடத்தில் "கத்கொண்டு ஹோகி சார்" என்றார், திருடிக்கொண்டு போங்கள் சார் என்று. கடைசி வீட்டுக்குப் போவதற்குள் சார் தேறிவிட்டார். கேட் திறந்திருந்தும் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்தார்.

மே பிறந்தது. ஒரு காலை அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். முன்வாசல் திறந்திருந்தது. மூலை முழுக்கச் சிவப்புப் பந்துகள்! "என்ற கெழங்குங்க! சிமெண்டுக்கு அடங்குச்சா பாருங்க!" என்று எங்களையெல்லாம் பிடித்து உலுக்கினார். நாங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையாட்டினோம். சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்கு அக்கா கையால் காப்பி கிடைத்தது.

இப்போது அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் போயிருந்தேன். மூலையில் பூக்கள் விரிந்திருந்தன. சார் மெதுவாகச் சொன்னார்: "அவகிட்ட கடைசி வரைக்கும் பொய் சொல்லிட்டேனேம்மா. அது அவ கிழங்கு இல்லையே."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக மனிதருக்குத் தெரியவே தெரியாதா!

"சார், நீங்க திருடின வீடெல்லாம் அக்காகிட்ட திருடின வீடுதான். அவங்க கிழங்கைத்தான் அவங்களுக்கே கொண்டுவந்து நட்டீங்க" என்றேன்.

எழுந்து போனார். ஒவ்வொரு பூவாகத் தொட்டு, இது டீச்சர் வீடு, இது உன் வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் ஓவென்று அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

எனக்கென்று அக்காவிடமிருந்து மிஞ்சியிருப்பவை என் வேலியோரத்துக் கிழங்குகளும், ஒரு பூவுக்காக ஊரையே கூப்பிடுகிற வெட்கமில்லாத சந்தோஷமும்தான். செடி எடுத்தவர் நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும் என்பதும் அவர் வைத்த சட்டம். கிழங்கும் அந்தச் சந்தோஷமும் எனக்கு அடுத்த மே மாதமும் வேண்டும். அதனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்களுக்குச் சொல்லாமல் விடுகிறேன், அக்கா.