ஏழாவது கோயிலும் புதன்கிழமையும்

என் மார்பில் வந்த கட்டிக்கு என் கணவர் நேர்த்தி வைத்தார். வைத்ததில் எனக்கு ஆட்சேபனை இல்லை. மட்டக்களப்பில் பிறந்தவர்கள் நாங்கள். சைவம்தான், ஆனால் பிள்ளையாருக்கு நேர்கிற அதே வாயால் மாதாவுக்கும் நேர்வோம். என் கோபமெல்லாம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நேர்த்திக்குள் என்னையும் சேர்த்துவிட்டார் என்பதில்தான்.

"ஏழு மாதா கோயிலுக்கு நாம ரெண்டு பேரும் சைக்கிள்ல போய் மெழுகுதிரி கொளுத்துவம் எண்டு நேந்திட்டன்," என்றார், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.

"ஏன் சைக்கிள்?"

"நடந்து போறதெண்டுதான் முதல்ல நினைச்சன். என்ர முழங்கால் விடாது."

"உங்கட முழங்காலைப் பாத்தீங்க. வருத்தக்காரி நானெல்லோ, என்னைப் பாக்கல்லையா?"

"உன்னை டொக்டர் எக்சசைஸ் செய்யச் சொன்னாதானே புள்ள."

இவருக்குப் பதில் சொல்லி வென்றவர்கள் யாருமில்லை. எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்று பெயர். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் சென்னைக்காரி. "எனக்கு வருத்தம், அதுதான் நேத்து வரல்ல," என்று நான் சொன்னபோது, "எதுக்குக்கா வருத்தப்படுறீங்க, எல்லாம் சரியாயிடும்," என்று தோளைத் தட்டினாள். அன்றைக்கு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டு அர்த்தமும் எனக்குப் பொருந்தித்தான் இருந்தது.

ஊசி குத்தி எடுத்த சதையின் முடிவைச் சொல்வதற்கு ஒரு புதன்கிழமை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் நாள் தந்திருந்தார்கள். நான் இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த அறைக்குள் என்னோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டும்.

"நான் வந்து என்ன செய்யிற? நீ பிரெஞ்சு நல்லாக் கதைப்பாய். எனக்கு ஒண்டும் விளங்காது. புதன்கிழமை ஷிஃப்டும் இருக்கு."

ஆஸ்பத்திரியில் எல்லாம் பிரெஞ்சுதான், அது எனக்குத் தெரியும். மகள் சின்னவளாக இருந்த காலத்தில் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்து, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் திட்டு வாங்கிப் படித்த பிரெஞ்சு. மொழிபெயர்க்க யாரும் தேவை என்று நான் கேட்கவில்லையே. விமானம் கழுவுகிற இவருக்கு ஒரு புதன்கிழமை ஷிஃப்டை மாற்ற முடியாது. ஆனால் நேர்த்திக்காகத் தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை, கூட வேலை செய்கிற யார் யார் காலிலோ விழுந்து மாற்றியிருந்தார். மாதாவுக்கு லீவு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. முடிவு தெரியும்வரை ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குச் சொல்லக்கூடாது என்பதும் இவருடைய ஏற்பாடுதான்.

ஆக, ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் லாசாலில் எங்கள் வீட்டிலிருந்து காரின் பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு, எங்கள் நகரம் இருக்கிற ஆற்றுத்தீவைத் தாண்டி மேற்கே போனோம். எனக்கு மகள் விட்டுப்போன சைக்கிள். முன்னால் ஒரு கூடை, அதற்குள் தண்ணிப் போத்தல், இடியப்பப் பார்சல், இவருடைய மெழுகுதிரிப் பை. ஏதாவது ஒரு கிராமத்தில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து ஆற்றோரமாகவும் சோளத் தோட்டங்களுக்கு நடுவாலும் மிதிப்போம். ஹெல்மெட்டுக்குக் கீழே இவர் திருநீறு பூசியிருப்பார். வேர்வையில் அது கரைந்து மூக்கு நுனிவரை இறங்கும்.

பொய் சொல்லக்கூடாது, பாதை வடிவுதான். காரும் லொறியும் இல்லாத நேர் றோட்டு, இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம், தூரத்தில் வெள்ளித் தகடு போர்த்த கூர்க்கோபுரம். ஒரு கிராமம் முடிந்து அடுத்த கோபுரம் தெரிகிறபோது மனம் தன்பாட்டில் லேசாகிவிடும். அதுவே எனக்கு எரிச்சல். நான் வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறேன் என்பதை எனக்கே அடிக்கடி ஞாபகப்படுத்தவேண்டி இருந்தது.

பிரச்சினை, கோயில்கள் பூட்டிக்கிடந்ததுதான். ஒரு பாதிரிச் சுவாமியாருக்கு நாலைந்து கிராமம். இந்த ஞாயிறு பூசை இங்கே என்றால் அடுத்த ஞாயிறு அங்கே. கதவில் ஒட்டியிருக்கிற தாளை நான் வாசித்துச் சொல்ல, "சரி, அங்க விடு," என்று இவர் சைக்கிளைத் திருப்புவார். அங்கே போனால் பூசை முடிந்து, சாவி வைத்திருக்கிற திறப்புக்காரரும் போயிருப்பார். இருநூறு வருஷத்துக் கற்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து பக்கக் கதவு, பின்கதவு எல்லாம் தட்டுவோம். திறந்திருந்தால், இவர் வாசற்படியில் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். பூசை முடிந்து வருகிற கிழவர்கள் அந்தச் சப்பாத்தையும் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

ஒரு ஊரில் கோயிலை மாடிவீடுகளாக மாற்றியிருந்தார்கள். முன்சுவரில் மாதா மட்டும் அப்படியே நின்றார். மாதா நிற்கிறபடியால் இதுவும் கணக்குத்தான் என்று இவர் புல்லில் குந்தி மெழுகுதிரியை நட்டார். நாயோடு வெளியே வந்த ஒரு இளம்பெண், வீடு பார்க்க வந்தீர்களா என்று என்னைக் கேட்டாள். இல்லை, நேர்த்திக்கு வந்தோம் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஓம், வாடகை எவ்வளவு என்று கேட்டுவைத்தேன். அதற்குள் காற்று மூன்று தரம் நெருப்பை அணைத்துவிட்டது. கடைசியில், அந்தக் கோயில் கணக்கில் சேராது என்று இவரே தீர்ப்பும் சொன்னார். அன்றைக்கு நான் இவரோடு கதைக்காமல் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட்டினேன்.

நான்காவது ஞாயிறு வந்தபோது ஆறு கோயில் முடிந்திருந்தது. ஒன்று மிச்சம். மூன்று நாளில் புதன்கிழமை. முதல் போன ஊரில் வழக்கம்போலப் பூட்டு. கதவுத் தாளில் அடுத்த ஊரின் பெயர். வயலுக்கு மாட்டெரு அடித்திருந்தார்கள். அந்த மணத்துக்குள்ளால் எதிர்க்காற்றில் மிதித்தோம்.

"இஞ்ச பாருங்க, ஆறோட விடுவம். மாதா கோவிக்க மாட்டா," என்றேன்.

"நேர்த்தியை அரைவாசியில விட ஏலாது புள்ள. வாக்குக் குடுத்தாச்சு."

"எனக்கு என்ன வாக்குக் குடுத்தீங்க?"

காற்றில் காது கேட்காததுபோல முன்னால் போனார். நன்றாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கையில் திறப்புக்கோர்வையோடு ஒரு வயதான பெண்மணி பெரிய கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். இவர் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, "மதாம், மதாம்," என்று ஓடினார். ஓடிக்கொண்டே சப்பாத்தையும் கழற்றினார். அந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஐந்து நிமிடம், மாதாவிடம் ஒரு வேண்டுதல் என்று நான் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர்ச்சி. நீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள், உட்காருவதற்கு எண்ணெய் பூசிய பழைய வாங்குகள். வலப்பக்கம் மாதா. மாதாவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பல்பு. கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் எரியும்.

இவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

"இதென்ன, பல்பு."

காப்புறுதிக் கம்பனி உள்ளே நெருப்பு வைக்க விடுவதில்லை என்று அந்த அம்மா சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"நான் நேந்தது மெழுகுதிரிக்கு. பல்புக்கில்ல," என்று இவர் பையில் கையை விட்டார். கொண்டுவந்த மெழுகுதிரி எல்லாம் போன வாரங்களில் முடிந்துவிட்டன. காலையில் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் அவசரத்துக்கு வாங்கிய ஒரு பெட்டிதான் இருந்தது. பிறந்தநாள் கேக்கில் குத்துகிற மெழுகுதிரி, ரோஸ் நிறத்தில்.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது. பொத்தானை அழுத்திப்போட்டு வாங்க, நேரமாகுது என்றேன். இவர் அசையவில்லை. மாதாவைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொன்னார்:

"நீ இவவுக்கு விளக்கமாச் சொல்லு. இது என்ர மனிசிக்கு வைச்ச நேர்த்தி எண்டு சொல்லு. புதன்கிழமை முடிவு சொல்லப்போறாங்க எண்டு சொல்லு. ரெண்டு கிழமையா எனக்கு நித்திரை இல்ல. மனிசி இல்லாட்டி இந்த ஊர்ல எனக்கு ஒரு பஸ் ஏறவும் தெரியாதெண்டு சொல்லு. அந்த அறைக்குள்ள நிண்டு அதைக் காதால கேக்க எனக்குப் பெலன் இல்ல, அதுதான் இஞ்ச வந்து நிக்கிறன் எண்டு சொல்லு."

எனக்குக் கண் கலங்கியது. உடனேயே கோபமும் வந்தது. இந்தக் கதையைக் கேட்கத்தானே மூன்று கிழமையாக இவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இப்போது அதை, முன்பின் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடு என்று என் கையிலேயே தருகிறார். நான் தபால்காரியா?

அந்த அம்மா காத்துக்கொண்டு நின்றார். நான் தொடங்கினேன். இவருடைய மனைவிக்கு நோய் என்றேன். அந்த மனைவி நான்தான் என்றேன். அவர் வாயில் கையை வைத்தார். புதன்கிழமை முடிவு தெரியும், இவருக்குப் பயம், நித்திரை இல்லை என்றேன். அதுவரை ஒரு சொல் பிசகவில்லை. பிறகு நிறுத்தாமல் அதே குரலில் சொன்னேன்: "அந்த அறைக்குள் என்னோடு வந்து பக்கத்தில் இருப்பதாக மாதாவுக்கு முன்னால் இவர் வாக்குக் கொடுக்கிறார். அதற்குத்தான் உண்மையான நெருப்புக் கேட்கிறார்."

அந்த அம்மா திறப்புக்கோர்வையை வாங்கில் வைத்துவிட்டு இவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். புதன்கிழமை மனைவியோடு போவீர்கள்தானே, ஐயா, கடைசிவரை கூட இருப்பீர்கள்தானே என்று கேட்டார். பிரெஞ்சில் யார் எதைக் கேட்டாலும், விளங்காவிட்டால் இவரிடம் ஒரே பதில்தான்.

"வீ, வீ, மதாம். வீ," என்றார், தலையையும் நன்றாக ஆட்டி.

நான் மாதாவைப் பார்த்தேன். என்னை மன்னித்துக்கொள்ளும்படி கேட்கவில்லை.

அந்த அம்மா பூக்களுக்கு வைத்த ஒரு சின்னத் தட்டை எடுத்துவந்தார். இவர் ஒரு ரோஸ் மெழுகுதிரியின் அடியை உருக்கித் தட்டில் ஒட்டிக் கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை அந்த அம்மா பக்கத்தில் ஒரு குவளை தண்ணியோடு காவல் நின்றார். இரண்டு நிமிடம்கூட எரிந்திராது. இவர் வெறுங்காலோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நானும் கும்பிட்டேன்.

வெளியே படியில் இருந்து சப்பாத்தைப் போடும்போது கேட்டார்: "அந்த அம்மா மெர்க்ரெடி எண்டு என்னவோ கேட்டா. மெர்க்ரெடி புதன்கிழமைதானே?"

ஷிஃப்ட் அட்டையில் கிழமை பார்த்துப் பார்த்து, கிழமைகள் ஏழும் இவருக்குப் பாடம்.

"ஓம். புதன்கிழமை என்னோட அறைக்குள்ள வந்து இருப்பீங்களா எண்டு கேட்டா. நீங்க ஓம் எண்டு சொன்னீங்க."

"நான் எப்ப சொன்ன?"

"மூண்டு தரம். மாதாவுக்கு முன்னால."

சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இது களவு புள்ள."

"என்னைக் கேக்காம நேர்த்தியில சேத்தீங்கதானே. நானும் கேக்காமச் சேத்திட்டன்."

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு கால் சப்பாத்தோடும் மற்றக்கால் வெறுமையாகவும் றோட்டைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கெண்டு சொன்னாய்?"

"ஒன்பதரைக்கு."

புதன்கிழமை வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சின்ன அறை, இரண்டு கதிரை. டொக்டர் நல்ல பெண், மெதுவாகத்தான் பிரெஞ்சு கதைத்தார். அவர் முடிப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இவர் தலையை ஆட்டி ஆட்டி, "வீ, வீ," என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அந்தச் செய்தி எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் பொய்யாக மொழிபெயர்க்கும் துணிச்சல் இருந்த எனக்கு, இன்றைக்கும் ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அதுதானாம். மார்பை எடுக்கவேணுமாம். ஒக்டோபருக்கு முதல்."

தலை ஆட்டுவது நின்றது. என்னைப் பார்க்கவில்லை, டொக்டரையே பார்த்தார்.

"அவவிட்டக் கேள், நான் எத்தினை நாள் லீவு போடவேணும் எண்டு."

ஒரு நாள் லீவு கேட்டு மூன்று கிழமை இந்த மனிசனோடு மல்லுக்கட்டியவள் நான். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஏலாது. உங்கட பிரெஞ்சில நீங்களே கேளுங்க," என்றேன்.

கேட்டார். ஒரு வசனமும் சரியில்லை, இடையில் தமிழும் வந்தது. டொக்டருக்கு விளங்கியது.