கட்டிலிலிருந்து தெரிந்த தோட்டம்

நாள் முழுவதும் ஒரே சுவரைப் பார்த்தபடி உங்களால் படுத்திருக்க முடியுமா? முதுகெலும்பு முறிந்த எங்கள் தெரு லாரி டிரைவருக்கு வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓரடி இடம்கூட விடாமல் எல்லையிலேயே மூன்று மாடி எழுப்பியதில், டிரைவர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வெயில் வருவது நின்றுபோயிற்று. ஜன்னலுக்கு எதிரே வெறும் செங்கல் சுவர். எல்லாம் தலைவிதி என்றார்கள் தெருக்காரர்கள். விதிக்குக் கொத்தனார் வேலை தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டிரைவரின் மனைவி, தையல்கார அக்கா, பெரணி, சேம்பு என்று நிழலிலும் வளரும் செடிகளைத் தேடிக் கொண்டுவந்தார். நடுவதற்கு முன் கணவரை ஓரமாக நகர்த்தி, அவர் தலையணையில் தலைவைத்துப் பார்த்தார்.

“என்னடி, பகல்லயே தூக்கமா?”

“சும்மா இருங்க. இங்கேருந்து எது தெரியுதுன்னு பாக்கறேன். பெரணியைத் தரையில வச்சா உங்களுக்குத் தெரியாது, தூக்கி வைக்கணும். சேம்பு தானா ஜன்னல் உசரத்துக்கு வளந்துடும்.”

“அப்படியே அந்தச் சுவத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சிடு.”

செடிகள் வேர்பிடித்தன. சேம்பின் முதல் இலை ஜன்னல் விளிம்பை எட்டிய காலையில், டிரைவர் சாப்பிடக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பூச்சு வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லையில் நிற்கும் சுவரை இந்தக் கொல்லையில் நின்றுதானே பூச முடியும்? யாரையும் கேட்காமல் சாரக்கம்புகளைப் பாத்தியில் இறக்கினார்கள். சிமெண்ட் கலவை இலைகள்மேல் கொட்டியது.

“செடிதானேம்மா, வேற வச்சுக்கலாம்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அக்கா இலைகளைக் கழுவிப் பார்த்தார். கையோடு ஒடிந்து வந்தன. உள்ளே வந்தவரிடம் கணவர் மெதுவாகச் சொன்னார்: “கட்டிலை ஜன்னல் தெரியாத பக்கமாத் திருப்பிப் போட்டுடு.”

உங்கள் தெருவில் யாராவது எல்லைக்கல்லை ஒட்டி அஸ்திவாரம் தோண்டினால், சுவர் எழும்புவதற்குள் நகராட்சிக்குப் போய்ப் புகார் கொடுங்கள்.