ஷெல்லுக்குப் பூப் போட்டுப் பார்த்த கதை

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில், பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு விற்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் நான், என் நண்பன் அன்பரசன், என் மனைவி கீதாஞ்சலி. துவரம்பருப்பு வாங்கப் போனால் கடலைப்பருப்போடு திரும்புகிற ஆள் நான். ஆனால் ஷெல் என்று வந்துவிட்டால் இந்த மணிவேல் அசைய மாட்டான்.

ஷெல் என்பது நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி இயந்திரத்திடம் சொல்லும் புரோகிராம். விற்கிற கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரே ஷெல்லைப் போட்டுத் தருவது என்று முடிவெடுத்தோம். அங்கே பிடித்தது சனி. எனக்கு ஃபிஷ் என்கிற ஷெல்தான் பிடிக்கும். பாதி அடித்தாலே மீதியை எடுத்துக் கொடுக்கும், கலர் கலராகக் காட்டும். அன்பரசனுக்கு பாஷ் என்கிற பழைய ஷெல்.

"புத்தகம், நெட்டு எல்லாத்துலயும் பாஷ்லதான் எழுதிக்கீது. அதை உன் ஃபிஷ்ல அடிச்சா பாதி ஓடாது. அழகா இருந்து இன்னாடா பிரயோஜனம்?" என்றான்.

"உனக்கு ரசனை கம்மிடா" என்றேன்.

வாங்க வருகிறவர்களில் ஒருவர்கூட ஷெல்லைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்காக நாங்கள் விட்டுவிடுவோமா? கம்ப்யூட்டர் வாங்க வந்த வாத்தியார் ராமகிருஷ்ணனுக்கு, அன்பரசன் கண்ணில் படாமல், ஃபிஷ் போட்டே கொடுத்துவிட்டேன். அவருக்குப் பிடித்துப்போனால் நியாயம் என் பக்கம் என்று கணக்கு. கடையில் சண்டை முற்றி எங்களுக்குள் பேச்சு நின்றது. டீ தனித்தனியாக வந்தது. கடைசியில் "கடையைப் பிரிச்சிக்கலாம்" என்று அவன் சொல்லியேவிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். இருந்தும் நான் இறங்கி வரவில்லை.

"பிள்ளையார்கிட்ட பூப் போட்டுப் பாத்துடலாம். அப்புறமாவது ரெண்டு பேரும் அடங்குங்க" என்றாள் கீதாஞ்சலி. கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் பூக் கேட்கிற ஊரில் ஷெல்லுக்குக் கேட்ட முதல் முட்டாள்கள் நாங்களாகத்தான் இருக்கும். வெள்ளை வந்தால் பாஷ், சிவப்பு வந்தால் ஃபிஷ். அவளே இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் வைத்தாள். கோயில் வாசலில் பூ விற்கும் ஆராயி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மல்லி.

அன்பரசன் குதித்தான். நான் பிள்ளையாரை முறைத்தேன். சாமிக்கும் ரசனை கம்மி என்று நினைத்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அந்தப் பொட்டலத்துப் பூவையும் சாமிக்குப் போடுப்பா, வாடிடும்" என்றாள் ஆராயி. பிரித்தேன். அதிலும் மல்லி.

"இன்னா கீதா இது?"

"பின்ன? வாங்கிட்டுப் போனவங்க ஓடலைன்னு போன் பண்ணா எடுக்கறது யாரு? நீங்களா, அவரா? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த கடை செல்போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஃபிஷ் போட்டுக் குடுத்தீங்களே, அந்த வாத்தியாருதான். நீங்களே பேசுங்க."

"மணிவேலு, புத்தகத்துல இருக்கறதை அப்படியே அடிக்கிறேம்பா. செவப்பா இன்னாவோ திட்டுது" என்றார் அவர்.

அன்பரசன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். தப்பிக்க வழியில்லை.

"சார், முதல்ல பாஷ்னு அடிச்சு எண்டர் தட்டுங்க" என்றேன். "இப்ப ஓடும்."