மேடைக்குப் பக்கத்துக் கூடாரம்

கூடாரத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே அண்ணி புல்தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். கண்ணை மூடி இருபது எண்ணுவார். பிறகு எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி படுப்பார். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி நடுமைதானத்தில் இப்படிப் புரண்டு புரண்டு இடம் பார்ப்பதை, பச்சை முடியும் கிழிந்த கால்சட்டையுமாகப் போன ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணி சட்டையே செய்யவில்லை. "தலை பள்ளத்துல போயிடுச்சுன்னா விடிஞ்சதும் மண்டை கனக்கும். இதெல்லாம் இந்தப் பசங்களுக்கு எங்க தெரியுது? நாளைக்குப் பாரு, வரிசையா தலையைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க" என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, முளையை நட்டுச் சுத்தியலால் நாலு போடு போட்டார்.

என் அண்ணனின் மனைவி அவர். ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலை. ஆறு வருடங்களாக ஒவ்வொரு கோடைக்கும் விமானம் ஏறி இந்த அந்நிய நாட்டுக்கு வந்து, நான்கு நாள் நடக்கும் இசை விழாவில் கூடாரம் அடித்துத் தங்குகிறார். லட்சம் பேர் கூடும் இடம். ஒலிபெருக்கிகள் மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மேடையை ஒட்டிய முதல் வரிசையில்தான் அண்ணிக்குக் கூடாரம் வேண்டும். அதற்காக, வாசல் திறப்பதற்கு ஐந்து மணி நேரம் முன்பே போய் நிற்பார்.

அவர் வேலை பார்க்கும் அறை பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிச் சத்தம் புகாதபடி நாலு பக்கமும் அடைத்தது. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கமிருந்து அண்ணி துளியூண்டு சத்தத்தை அனுப்புவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். "கேக்கலைன்னு ஒத்துக்க யாருக்கு மனசு வருது? என் மூஞ்சியையே பாத்துட்டிருப்பாங்க. நான் புருவத்தைத் தூக்கினா போதும், டக்குன்னு அமுக்கிடுவாங்க." அதனால் புருவம், உதடு எதுவும் அசையாமல் உட்காரப் பழகிக்கொண்டார். முப்பது வருடப் பழக்கம். கல்யாண வீட்டுப் படங்களிலும் அதே முகம்தான். உம்மணாமூஞ்சி என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். இந்தப் பயணத்தில்தான் சொன்னார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். என் அண்ணனுக்கு அச்சகத்தில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அண்ணி குழாய் வாயில் துணி கட்டி வைத்திருப்பார், தண்ணீர் துணி வழியாக ஓசைப்படாமல் வாளியில் இறங்கும். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். தொலைக்காட்சி வாயை மட்டும் அசைக்கும். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓட வேண்டும். என் அண்ணனைக் குறை சொல்லவில்லை. அதட்டிப் பேசக்கூடத் தெரியாத மனிதர். ஆனால் இருபத்தெட்டு வருடம் அவர் தூங்கிய தூக்கத்துக்கு யார் காவல் இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

இந்த விழாப் பித்து பிடித்தது ஆறு வருடத்துக்கு முன், ஒரு மாநாட்டுக்கு வந்தபோது. செவிக்கருவிகள் பற்றி ஏதோ கூட்டம் என்று மருத்துவமனை இவரை இந்த நாட்டுக்கு அனுப்பியது. மூன்றாம் நாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர், முதுகில் கூடாரப் பைகளோடு திமுதிமுவென்று ஏறிய கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். தான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது, இறங்கவில்லை. "எங்கதான் போறாங்கன்னு பாத்துட்டு வந்துடலாம்னு உக்காந்தேன்" என்கிறார். மறுநாள் சாயங்காலம்தான் விடுதிக்குத் திரும்பினாராம், முழங்கால் வரை சேற்றோடு.

இந்த வருடம் முழங்கால் தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆளாளுக்கு வந்து புத்தி சொன்னார்கள். அண்ணி யாரோடும் வாதாடவில்லை. விமானச் சீட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்த அண்ணன், பத்திரிகைக்கு எழுதுகிறவள்தானே, எங்கே இருந்தால் என்ன என்று என்னையும் கூட அனுப்பினார். விமானத்தில் உட்கார்ந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி: "நீ என்னைப் பாத்துக்க வந்தியா, புடிச்சுட்டுப் போக வந்தியா?" நான் பெல்ட் போடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

காது விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. ஒரு டப்பா நிறையக் காதடைப்பான் கொண்டுவந்து அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் விநியோகம் செய்தார். கொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை. விரலால் உருட்டி, காது மடலை மேலே இழுத்து, தானே செருகிவிட்டால்தான் திருப்தி. கை முழுக்கப் பச்சை குத்திய ஆறடித் தடியர் ஒருவர் அவர் முன்னால் குனிந்து காதைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இப்படி அடைச்சுட்டா அப்புறம் எதுக்கு அண்ணி இவ்வளவு தூரம் வந்து கேக்கணும்?"

"காதுக்குத்தான்டி மூடி. வயித்துக்கு யாரு மூடி போட்டா?"

முதல் நாள் மாலை முரசுகள் தொடங்கியபோது அது எனக்குப் புரிந்தது. தரை அதிர்ந்தது, என் விலா எலும்பு அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி கத்திக்கொண்டிருந்தார். பாட்டு ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. கண், மூக்கு, வாய் எல்லாம் அகல, தலைமுடி அவிழ, வெறுமனே "ஆ" என்று கத்தினார். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது அண்ணி சேற்றில் வழுக்கி விழுந்தார். முதலுதவிக் கூடாரத்தில் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று முழங்காலை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். நாங்கள் எங்கள் கூடாரத்துக்கு வந்து உட்காரவும், மஞ்சள் சட்டை போட்ட ஒரு மேற்பார்வைக்கார அம்மாள் சின்ன மின்வண்டியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கூட்டம் முண்டினால் முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து ஓட வேண்டியிருக்கும், இந்தக் காலோடு முடியாது என்றார். குன்றுக்கு அந்தப் பக்கம் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் இருக்கிறதாம். கட்டில் உண்டு, பக்கத்திலேயே மருத்துவர் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய சௌகரியம் என்று கடைசியில் பெருமையாக ஒன்று சொன்னார்: அங்கே ஒரு சத்தமும் வராது.

சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார்.

"சத்தம் வராத இடம் வேணும்னா நான் எங்க வீட்லயே இருந்திருப்பேனே" என்றார் அண்ணி என்னிடம். அந்த அம்மாளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: வரமாட்டேன்.

அந்த அம்மாளும் பொல்லாதவர் இல்லை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். உறவினர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் இப்போதே வண்டியில் ஏற வேண்டும். பேனா என் கைக்கு வந்தது. அதே நேரம் அண்ணனின் அழைப்பும் வந்தது. விழுந்த சேதியை நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி அனுப்பித் தொலைத்திருந்தேன்.

"கையெழுத்து கிழுத்து எதுவும் போட்டுடாத" என்றார் அண்ணன், போனில்கூட மெல்லிய குரலில்தான். "அமைதியான இடம் குடுக்கிறாங்கள்ல, அங்க கூட்டிட்டுப் போ. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லு."

போனைப் பொத்திக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்டுது" என்றார். "இன்னைக்கு இங்கேர்ந்து எழுந்தேன்னா அடுத்த வருஷம் கிடையாது. போன தடவையே முடியலையேன்னு ஆரம்பிச்சு, எல்லாருமாச் சேந்து என்னை உக்கார வெச்சுடுவீங்க. அவரு நல்லா தூங்கட்டும், நான் எழுப்பவா போறேன்? எனக்கு இந்த நாலு நாளு வேணும். இதே இடத்துல வேணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்துக் கூடாரத்து ஆறடிக்காரர் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். மேடையில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிச் சோதித்தார்கள். போனுக்குள்ளிருந்து அண்ணன் "கேக்குதா, கேக்குதா" என்றார். நான் இரண்டும் கெட்டானாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட எனக்கு ஆசைதான். துணிச்சல்தான் வரவில்லை. அதை இன்றுவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி கையை நீட்டிப் பேனாவை என்னிடமிருந்து வாங்கினார். படிவத்தைக் கட்டுப்போட்ட முழங்கால்மேல் வைத்து, பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மஞ்சள் சட்டை அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கட்டம் காலியாக இருப்பதை விரலால் காட்டினார். பாதிக்கப்பட்டவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்கும் கட்டம் அது. அண்ணி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அவர்கள் மொழியில் 'நானே' என்று எழுதி, அடியில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.